வேர்டிலிருந்து மின்னஞ்சலுக்கு ஒட்டும்போது எழுத்து கலைகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

ஒரு முறை நாற்பது பேருக்குத் தனித்தனியாக ஒரே கடிதத்தை அனுப்பினேன். பெயரை மட்டும் ஒரு பட்டியலிலிருந்து எடுத்து "அன்புள்ள" என்பதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனேன். என் திரையில் எல்லாம் ஒரே சீராகத்தான் தெரிந்தது. வாங்கியவர்களின் திரையிலோ கடிதம் முழுவதும் ஓர் எழுத்துரு, பெயர் மட்டும் வேறு எழுத்துரு, அதுவும் ஒரு சுற்று பெரிதாக. "எனக்கென்றே எழுதினீர்களோ என்று நினைத்தேன், பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது" என்று ஒருவர் சிரிப்புக் குறியோடு பதில் போட்டார். அன்றிலிருந்து எதை ஒட்டினாலும் சந்தேகத்தோடுதான் ஒட்டுகிறேன்.

நடப்பது இதுதான். வேர்டில் நகலெடுக்கும்போது கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தது தற்காலிகமாகத் தங்கும் இடத்தில், ஒரே உரை பல வேடங்களில் போய் உட்காருகிறது. அலங்காரமே இல்லாத வெறும் எழுத்து ஒன்று, அலங்காரத்தோடு ஆர்டிஎஃப் என்ற வடிவில் ஒன்று, வலைப்பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல் வடிவில் ஒன்று. நீங்கள் கன்ட்ரோல் + வி தட்டியதும் எதை எடுத்துக்கொள்வது என்பதை மின்னஞ்சல் செயலிதான் முடிவு செய்கிறது. பெரும்பாலும் அது எச்டிஎம்எல்லை எடுக்கும். அதற்குள் எழுத்துரு, அளவு, பத்தி இடைவெளி எல்லாம் பொதிந்திருக்கும். 'எம்எஸ்ஓ' என்று தொடங்கும், ஆபீஸ் செயலிகளுக்கு மட்டுமே புரியும் கட்டளைகளும் கூடவே வரும். சந்தேகம் இருந்தால், உலாவியில் திறந்த ஜிமெயிலில் வேர்டிலிருந்து "வணக்கம்" என்ற ஒரே சொல்லை ஒட்டி, அதன்மேல் வலது சொடுக்கு செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்துப் பாருங்கள். 'எம்எஸ்ஓநார்மல்' என்ற முத்திரை அந்தப் பத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்திருப்பது தெரியும்.

முதலில் ஒரு சோதனை: கோளாறு யார் திரையில்?

எதையும் திருத்துவதற்கு முன் கடிதத்தை உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறொரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பி, ஒரு முறை கணினியிலும் ஒரு முறை கைபேசியிலும் திறந்து பாருங்கள். எழுதும் பெட்டியிலேயே கலைந்திருந்தால் ஒட்டியதில் கோளாறு. எழுதும்போது நன்றாக இருந்து, போய்ச் சேர்ந்தபின் கலைந்திருந்தால், அனுப்பும் அமைப்பிலோ பெறும் செயலியிலோ கோளாறு.

விண்டோஸில் பழைய வகை அவுட்லுக் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 2007 பதிப்பிலிருந்து அந்த அவுட்லுக் கடிதத்தைக் காட்டுவதற்கு வேர்டின் இயந்திரத்தையேதான் பயன்படுத்துகிறது. வேர்டிலிருந்து ஒட்டியது அங்கே கச்சிதமாகத் தெரியாமல் வேறெப்படித் தெரியும்? குட்டு உடைவது எதிர்முனையில்தான்.

பாதி நோய்களுக்கு ஒரே மருந்து

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி. ஜிமெயிலிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், தண்டர்பேர்டிலும் இது வெறும் எழுத்தை மட்டும் ஒட்டும். மேக்கில் ஆப்பிள் மெயில் என்றால் ஆப்ஷன் + ஷிஃப்ட் + கமாண்ட் + வி. மெனுவில் 'பேஸ்ட் அண்ட் மேட்ச் ஸ்டைல்' என்று இருக்கும். பழைய அவுட்லுக்கில் வழக்கம்போல் ஒட்டியதும் பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்க்குமே, அதில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் விரலை அழுத்திப் பிடித்தால் 'பேஸ்ட் அஸ் ப்ளெய்ன் டெக்ஸ்ட்' வரும். எதுவும் கைகொடுக்கவில்லையென்றால் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி நகலெடுங்கள். பழைய வித்தைதான், ஆனாலும் ஏமாற்றியதில்லை.

தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் போய்விடுமே என்றால், ஆமாம், போய்விடும். நான்கைந்து இடங்கள்தான் என்றால் மின்னஞ்சலிலேயே மறுபடி போட்டுவிடுவேன். நிறைய இருந்தால் அவுட்லுக்கின் அதே குட்டிப் பெட்டியில் 'மெர்ஜ் ஃபார்மேட்டிங்' இருக்கிறது. தடிப்பையும் சாய்வையும் வைத்துக்கொண்டு, எழுத்துருவை மட்டும் கடிதத்தின் எழுத்துருவாக மாற்றிக்கொள்ளும். அதிகம் பேர் தொடாத பொத்தான். எனக்கு மிகவும் பிடித்தது.

அறிகுறி: ஒரே கடிதத்தில் இரண்டு எழுத்துரு, இரண்டு அளவு

ஒட்டிய பகுதி தன் எழுத்துருவைச் சுமந்து வந்திருக்கிறது. நீங்கள் கையால் அடித்த பகுதி மின்னஞ்சலின் எழுத்துருவில் இருக்கிறது. என் நாற்பது கடிதங்களிலும் நடந்தது இதுதான். ஜிமெயிலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வடிவமைப்புப் பட்டையின் கடைசியில் உள்ள 'ரிமூவ் ஃபார்மேட்டிங்' பொத்தானை அழுத்துங்கள். எழுத்துருவும் அளவும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். பத்தி இடைவெளிகளை அது எப்போதும் முழுதாகத் துடைப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இடைவெளி அப்படியே நின்றால், உரையை வெட்டி எடுத்து அதே இடத்தில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி.

தமிழும் ஆங்கிலமும் கலந்த கடிதத்தில் இதற்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வேர்டைப் பொறுத்தவரை தமிழ் ஒரு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்'. அதற்கென்று தனி எழுத்துருவையும் தனி அளவையும் வேர்ட் பராமரிக்கிறது. அளவுப் பெட்டியில் 11 என்று காட்டினாலும், தமிழுக்கு உள்ளே 14 இருக்கலாம். வேர்டிலேயே உரையைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் 'ஃபான்ட்' பெட்டியைத் திறந்தால், 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தலைப்பின்கீழ் அந்த இரண்டாவது எழுத்துருவும் அளவும் இருக்கும். இரண்டு அளவையும் ஒன்றாக்கிவிட்டு நகலெடுங்கள். எழுத்துருவையும் கவனியுங்கள். விண்டோஸில் உள்ள லதாவோ நிர்மலா யூஐயோ கைபேசியில் இருக்காது. அங்கே வேறொரு தமிழ் எழுத்துரு அந்த இடத்துக்கு வரும். அகலமும் உயரமும் மாறும். அதைத் தடுக்க வழியில்லை. ஆகவே எழுத்துருவின் அகலத்தை நம்பி, இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி வரிகளை நேராக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: பத்திகளுக்கு நடுவே வயல்வெளி

வேர்டின் வழக்கமான 'நார்மல்' பாணியிலேயே பத்திக்குக் கீழே இடைவெளி வைத்திருக்கிறார்கள். வேர்ட் 2007-இல் அது 10 புள்ளி (பாயின்ட்), 2013-இலிருந்து 8 புள்ளி. அது தெரியாமல் பத்திக்குப் பத்தி நாம் என்டரை இரண்டு தடவை தட்டுகிறோம். வெற்று வரியும் ஒரு பத்திதானே, அதற்கும் கீழே இடைவெளி உண்டு. மின்னஞ்சலில் ஒட்டியதும் எல்லாம் கூடி அகலத் திறந்துகொள்கிறது.

வேர்டிலேயே சரிசெய்வதாக இருந்தால்: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'பாராகிராஃப்' பெட்டியில் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டையும் 0 ஆக்கி, 'லைன் ஸ்பேசிங்' என்பதை 'சிங்கிள்' ஆக்குங்கள். பிறகு நகலெடுங்கள்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு. வெறும் எழுத்தாக ஒட்டினால் பத்திகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேர்டில் நீங்கள் பார்த்தது வெற்று வரி அல்ல, பாணியில் உள்ள இடைவெளி. அலங்காரம் போனதும் அதுவும் போய்விட்டது. சரி, பத்திக்கு ஒரு என்டர் தட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். நீளமான கடிதம் என்றால், வேர்டின் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியில் பத்திக் குறியைத் தேடி, அதையே இரண்டு முறை போட்டு மாற்றிவிட்டு, அப்புறம் நகலெடுக்கலாம். அந்தக் குறியை நினைவில் வைக்கத் தேவையில்லை. 'மோர்', 'ஸ்பெஷல்' என்று போனால் 'பாராகிராஃப் மார்க்' என்று பட்டியலிலேயே இருக்கும்.

அறிகுறி: வரி பாதியிலேயே முறிகிறது

இது வேர்டின் வேலை அல்ல. பெரும்பாலும் பிடிஎஃப்பிலிருந்து எடுத்ததாக இருக்கும். பிடிஎஃப்புக்குப் பத்தி என்றால் என்னவென்று தெரியாது, எந்த எழுத்து தாளில் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு என்டர் விழுந்துவிடும். கணினியில் ஒருவாறு சமாளிக்கலாம். கைபேசியில் ஒரு வரி நீளம், ஒரு வரி இரண்டே சொல் என்று படிக்கச் சகிக்காது.

வேர்டில் ஒட்டி மூன்று படிகளில் சரிசெய்யலாம். இரண்டு பத்திக் குறிகள் சேர்ந்து வரும் இடம்தான் உண்மையான பத்தி முடிவு. முதலில் அதை, உரையில் வேறெங்கும் வராத ஓர் அடையாளமாக மாற்றுங்கள்; நான் மூன்று நட்சத்திரக் குறி போடுவேன். அடுத்து, மிச்சமிருக்கும் ஒற்றைப் பத்திக் குறிகளை எல்லாம் ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியாக மூன்று நட்சத்திரத்தைத் திரும்பப் பத்திக் குறியாக்குங்கள். வரிசை மாறினால் முழுக் கடிதமும் ஒரே பத்தியாகிவிடும். மாறிவிட்டால் கன்ட்ரோல் + இசட் இருக்கவே இருக்கிறது.

பிடிஎஃப்பில் இருப்பது தமிழாக இருந்தால் இன்னொரு தொல்லை. கொம்பு, எழுத்தின் தவறான பக்கத்தில் போய் நிற்கும். அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றின் மேல் துணைக்குறி தொங்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் "கொ" என்பதற்கு முதலில் மெய், பிறகுதான் உயிர்க்குறி. பிடிஎஃப் சில நேரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது கொம்பு, ககரம், கால் என்று பிரித்துக் கொடுத்துவிடும். முன்னால் மெய் இல்லாத உயிர்க்குறிக்குக் கணினி அந்தப் புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டும். எழுத்துருவை மாற்றுவது இதற்கு உதவாது. இரண்டு வரி என்றால் மறுபடி தட்டச்சு செய்துவிடுங்கள். பக்கக் கணக்கில் இருந்தால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: தமிழ் இருந்த இடத்தில் குப்பை

என்ன குப்பை என்று கவனித்துப் பாருங்கள், ஏனென்றால் குப்பையின் வகை காரணத்தைச் சொல்லிவிடும்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறதா? அது யூடிஎஃப்-8 தமிழ், அதாவது யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில் உள்ள தமிழ். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். அந்த மூன்றையும், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 என்ற பழைய அட்டவணையை வைத்துப் படித்தால் மூன்று அந்நிய எழுத்தாகத் தெரியும். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்டுகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால்தான் அதே ஜோடி வந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தில் மேற்கோள் குறி இருக்கவேண்டிய இடத்தில் தொப்பி போட்ட ஏ, யூரோ குறி, டிஎம் குறி மூன்றும் வரிசையாக வருவதும் இதே நோய்தான். தகவல் அழியவில்லை, தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அனுப்புபவர் பழைய அவுட்லுக்கில் 'ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு' போய், 'இன்டர்நேஷனல் ஆப்ஷன்ஸ்' பகுதியில் வெளிச்செல்லும் கடிதங்களுக்கு யூடிஎஃப்-8 என்று வைத்து மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே இருக்கின்றனவா? அது வேறு கதை. தமிழே இல்லாத ஒரு குறியாக்கத்தில் யாரோ சேமித்திருக்கிறார்கள், எழுத்து அங்கேயே அழிந்துவிட்டது. எந்த மாற்றியும் அதை மீட்காது.

கட்டங்கட்டமாக இருந்தால் பார்ப்பவரின் கருவியில் அந்த எழுத்து உள்ள எழுத்துரு இல்லை. உரை பத்திரமாகத்தான் இருக்கிறது.

ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் சிதறிக் கிடக்கின்றனவா? அப்படியென்றால் மூல ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்திருக்கிறது. பாமினியில் "தமிழ்" என்று அடிக்க நீங்கள் உண்மையில் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கணினிக்குள்ளே சேமிக்கப்படுவதும் அந்த ஐந்துதான். எழுத்துரு என்ற முகமூடி இருக்கும்வரை தமிழாகத் தெரியும். வெறும் எழுத்தாக ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். அலங்காரத்தோடு ஒட்டினாலும், பெறுபவரிடம் பாமினி இல்லையென்றால் அதே கதி. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி நோயைக் கூட்டிவிடும் ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ்க் கூழாக்கியிருக்கும்.

அறிகுறி: புல்லட் இருந்த இடத்தில் விசித்திரக் குறி, சிரிப்பு இருந்த இடத்தில் ஜே

வேர்டில் தெரியும் புல்லட் பல நேரம் உண்மையான புள்ளியே அல்ல. 'சிம்பல்', 'விங்டிங்ஸ்' போன்ற குறி எழுத்துருக்களில் ஏதோ ஓர் எழுத்தைப் புள்ளியாகவோ சதுரமாகவோ வரைந்து காட்டுகிறார்கள். இரண்டாம் நிலை வட்டம் சாதாரண ஆங்கில ஓ எழுத்துதான். எழுத்துரு போனால் அசல் முகம் தெரிந்துவிடும். ஒட்டியபின் அந்தக் குறிகளை அழித்துவிட்டு மின்னஞ்சலின் சொந்தப் பட்டியல் பொத்தானை அழுத்துங்கள். பட்டியலுக்கு வேறு குறுக்குவழி தேட வேண்டாம்.

ஜே கதை கொஞ்சம் வேடிக்கையானது. அவுட்லுக்கில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்த்துச் சிரிப்பு போட்டால், தானியங்கித் திருத்தம் அதை விங்டிங்ஸ் எழுத்துருவின் ஜே ஆக மாற்றிவிடும். அந்த எழுத்துருவில் ஜே என்பது சிரித்த முகம். அது இல்லாத இடத்தில் வாக்கியக் கடைசியில் ஒரு தனி ஜே நிற்கும். யாரோ தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கையெழுத்திடுகிறார் என்று நான் சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அறிகுறி: படம் வரவில்லை, அட்டவணை வழிகிறது

உரையையும் படத்தையும் சேர்த்து நகலெடுத்தால், பல நேரம் படம் வராது. உங்கள் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் இருக்கும் படத்தின் முகவரிதான் வரும். உங்கள் வட்டுக்குள் எதிர்முனையில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. படத்தை மட்டும் தனியாகச் சொடுக்கி நகலெடுத்து ஒட்டுங்கள், அல்லது மின்னஞ்சலின் படம் சேர்க்கும் பொத்தானால் சேருங்கள்.

அட்டவணை மூன்று நெடுவரிசைக்குள் இருந்தால் மின்னஞ்சலிலேயே வைக்கலாம். அதைத் தாண்டினால் கைபேசியில் வலப்பக்கம் வெட்டுப்படும் அல்லது எழுத்து எறும்பாகும். பிடிஎஃப்பாக இணைத்துவிடுங்கள், வீண் வேலை வேண்டாம். எக்செல்லிலிருந்து எடுப்பவர்கள் நெடுவரிசையை அகலப்படுத்திவிட்டு நகலெடுக்க வேண்டும். திரையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேலிக் குறிகள் (#) தெரிந்தால், ஒட்டும்போதும் அந்த வேலிதான் வரும்.

அறிகுறி: இருண்ட திரையில் எழுத்தே தெரியவில்லை

ஒட்டிய எழுத்தோடு 'கறுப்பு' என்ற நிறக் கட்டளையும் வந்திருக்கிறது. பெறுபவர் டார்க் மோட் வைத்திருந்தால் கறுப்பின்மேல் கறுப்பு. வலைப்பக்கத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் நேர்மாறாக, எழுத்துக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை பளிச்சென்று நிற்கும். இரண்டுக்கும் முதலில் சொன்ன மருந்தே போதும்.

அறிகுறி: இணைப்பு செத்துவிட்டது

இது மருந்தின் பக்க விளைவு. "இங்கே சொடுக்கவும்" என்ற சொல்லுக்குள் முகவரி ஒளிந்திருந்தால், வெறும் எழுத்தாக ஒட்டும்போது சொல் வரும், முகவரி வராது. சொடுக்கிப் பார்க்காமல் அனுப்பினால் "எங்கே?" என்று பதில் வரும். வெறுமையாக ஒட்டியபின் இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: 'வின்மெயில் டாட்' (winmail.dat) என்ற இணைப்புக் கோப்பு மட்டும் போகிறது

ஒட்டியதில் தவறில்லை. அவுட்லுக் கடிதத்தை 'ரிச் டெக்ஸ்ட்' வடிவில் அனுப்பியிருக்கிறது. மற்ற செயலிகளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. 'ஃபார்மேட் டெக்ஸ்ட்' தாவலில் எச்டிஎம்எல் என்று மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

அறிகுறி: அழித்த வாக்கியம் உயிரோடு போய்விட்டது

தோற்றக் கோளாறுகளில் மானம் கொஞ்சம் போகும். இதில் விஷயமே வெளியே போகும். பலர் சேர்ந்து திருத்திய ஆவணத்தில், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவுசெய்யும் 'ட்ராக் சேஞ்சஸ்' ஓடிக்கொண்டிருக்கும். 'சிம்பிள் மார்க்அப்' காட்சியில் திருத்தங்கள் கண்ணில் படாது, ஆவணம் சுத்தமாகத் தெரியும். அங்கிருந்து நகலெடுக்கும்போது, நீக்கிய வாக்கியம் சிவப்பு நிறத்தில் குறுக்குக் கோடு போட்டபடி மின்னஞ்சலுக்குள் வந்து சேர்வதுண்டு. விலையைக் குறைத்து எழுதிய கடிதத்தில் பழைய விலையும் கூடவே போனால் எப்படியிருக்கும்? நகலெடுக்கும் முன் 'ரிவ்யூ' தாவலில் 'ஆல் மார்க்அப்' வைத்து, என்னென்ன திருத்தம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு 'அக்செப்ட்' பொத்தானின் கீழ் உள்ள 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் அண்ட் ஸ்டாப் ட்ராக்கிங்' கொடுத்து, ஆவணத்தை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியிலிருந்து நகலெடுங்கள். திருத்தங்களோடு உள்ள மூலப் பிரதி அப்படியே இருக்கட்டும். யார் எதை அழித்தார்கள் என்று அடுத்த வாரம் யாராவது கேட்பார்கள்.